படுத்தாலும் ஓயாத மனசும் எழுதும் பழக்கமும்: கேள்வி பதில்

படுத்ததும் மறுநாள் வேலையெல்லாம் வரிசையாக நினைவுக்கு வருகிறது. டைரியில் அன்றைக்கு நடந்ததை எழுதினால் தூக்கம் வருமா மேடம்? (பள்ளி ஆசிரியை, மதுரை)

நடந்ததை விட்டுவிடுங்கள், இனி செய்ய வேண்டியதை எழுதுங்கள். அமெரிக்காவில் பேய்லர் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஸ்கல்லின் குழு 2018-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்துப் பார்த்தது. 57 இளைஞர்களைப் படுப்பதற்கு முன் 5 நிமிடம் எழுத வைத்தார்கள். சிலர் முடித்த வேலைகளை எழுதினார்கள், மற்றவர்கள் வரும் நாட்களில் செய்ய வேண்டியதை. இந்த இரண்டாவது கூட்டம் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகத் தூங்கிவிட்டது. அதிலும் விவரமாக எழுதியவர்களுக்கு இன்னும் சீக்கிரம் தூக்கம் வந்தது.

அந்த விவரம்தான் முக்கியம். 'விடைத்தாள்' என்று மட்டும் எழுதினால் மனசு விடாது. 'பி செக்‌ஷன் விடைத்தாள், பாக்கி 14. இரண்டாவது பீரியட் ஃப்ரீ, ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து முடிக்கணும். மார்க் லிஸ்ட் மேஜை டிராயரில்' என்று எழுதிப் பாருங்கள். அரைகுறையாக நிற்கும் வேலையைத்தான் மனசு திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டு வரும். வேலை முடியாவிட்டாலும் பரவாயில்லை, எப்போது எப்படி முடிப்பது என்று திட்டம் போட்டாலே அந்த இழுப்பு குறைகிறது என்று 2011-ல் மாசிகாம்போ, பௌமைஸ்டர் இருவரும் ஆய்வில் கண்டார்கள்.

போனில் டைப் செய்யலாமா?

வேண்டாம். திறந்ததும் வாட்ஸ்அப் கண்ணில் படும். பழைய நோட்டின் மிச்சப் பக்கம் போதும்.

சொத்துப் பிரிவினையில் அண்ணனோடு பேச்சு நின்றுபோச்சு. தினமும் அதைப் பற்றி எழுதுகிறேன். எழுத எழுதக் கோபம்தான் ஏறுகிறது. (கோவை)

சார், முதலில் அந்த நோட்டை எடுத்து ஐந்தாறு பக்கம் புரட்டுங்கள். 'அவன் அப்படிச் சொன்னான், நான் என்ன குறை வைத்தேன்' என்று அதே வரிகள் திரும்ப வருகின்றனவா? அப்படியென்றால் மனசுக்குள் போட்ட சண்டையைத்தான் காகிதத்திலும் போடுகிறீர்கள்.

மனசில் உள்ளதைக் கொட்டி எழுதும் முறையை 1986-ல் முதலில் ஆய்வு செய்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் பென்னிபேக்கர். அதில் எழுதியது நாளுக்கு 15 நிமிடம், 4 நாள், அவ்வளவுதான். எழுதி முடித்ததும் மனசு கனப்பது சகஜம், பலன் பிறகுதான் தெரியும். யாருக்குப் பலன் கிடைத்தது என்று பின்னாளில் எழுத்துகளையே அலசினார்கள். 'ஏனென்றால்', 'இப்போதுதான் புரிகிறது' போன்ற சொற்கள் நாளுக்கு நாள் கூடியவர்களுக்கு! கதை நகர்ந்தால்தான் எழுத்து உதவும்.

அதனால் ஒரு நாள் அண்ணன் இடத்தில் நின்று எழுதுங்கள். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளச் சொல்லவில்லை, அவர் கண்ணுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று மட்டும். நாலாவது நாளோடு நிறுத்திவிடுங்கள். அப்படியும் கோபம் ஏறினால் இந்த முறை உங்களுக்கு வேண்டாம். புதிதாக மணவாழ்க்கை முறிந்தவர்களிடம் 2013-ல் நடந்த ஓர் ஆய்வில், ஏற்கெனவே அதையே அசைபோட்டுக்கொண்டிருந்தவர்கள், மனக்காயத்தைப் பற்றி எழுதியபோது தேறவில்லை. அன்றாட வேலைகளை உணர்ச்சி கலக்காமல் எழுதியதுதான் அவர்களுக்கு நல்லதாக இருந்தது.

கூட்டுக் குடும்பம் அக்கா. யாராவது படித்துவிட்டால்?

எழுதி முடித்ததும் கிழித்துப் போடும்மா. பலன் எழுதுவதில் இருக்கிறது, பத்திரப்படுத்துவதில் இல்லை. பிழை, கையெழுத்து எதையும் பார்க்காதே.

ஆபீஸ் நேரத்தில் கவலை வந்து வேலையே ஓடவில்லை.

கவலைப்படவே ஒரு நேரம் ஒதுக்குங்கள். தாமஸ் போர்கோவெக் குழு 1983-லேயே சோதித்த முறை இது. தினமும் ஒரே நேரம், ஒரே இடம், அரை மணி. நடுவில் கவலை வந்தால் 'அம்மா ஸ்கேன்' என்று இரண்டு சொல் குறித்துவிட்டு வேலைக்குத் திரும்புங்கள். சாயங்காலம் அந்தச் சீட்டை எடுத்து உட்காருங்கள். பாதி விஷயம் அதற்குள் தணிந்திருக்கும். ஆனால் படுக்கையிலோ தூங்கப்போகும் நேரத்திலோ வேண்டாம்.

எழுத உட்கார்ந்தாலே நெஞ்சு படபடக்கிறது. பல நாளாகத் தூக்கமில்லை, வாழவே பிடிக்கவில்லை.

பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள், இப்போது எழுதவே வேண்டாம். இன்றைக்கே மனநல மருத்துவரைப் பாருங்கள். அதுவரைக்கும் தனியாக இருக்காதீர்கள், வீட்டில் நம்பும் ஒருவரிடம் சொல்லி அவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி எத்தனை மணியானாலும் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். என்னிடம் எழுதியதை அவர்களிடம் அப்படியே சொல்லுங்கள்.