கொச்சில சாயங்காலம் மட்டும் ஃப்ரீ, எங்க போலாம்?

பிரதர், ஆம்பூர்ல ஷூ கம்பெனி வேலையா மூணு நாள் கொச்சி போறேன், நாலு மணிக்கு மேலயும் சனிக்கிழமை அரை நாளும் தான் டைம்னு கேட்டிருந்தீங்க. நான் வேலூர், ஆபீஸ் வேலையா ரெண்டு தடவ போயிருக்கேன். இன்னா வெயில்னாலும் நமக்கு பழக்கம்தான், ஆனா நம்மூரு வெயில் காயும், அங்க புழுங்கும், சட்டை உடம்போட ஒட்டிக்கும், அதனால காட்டன் சட்டை கூட ரெண்டு எடுத்துக்கோங்க.

முதல் நாளே எர்ணாகுளம் ஹைகோர்ட் கிட்ட வாட்டர் மெட்ரோ புடிச்சு ஃபோர்ட் கொச்சி போயிடுங்க, ஏசி போட். ஆறு மணிக்குள்ள சீனா வலை (கரையோரமா நிக்கிற பெரிய மீன்பிடி வலை) கிட்ட நின்னா போதும், கயித்துல பெரிய பெரிய கல்லு கட்டி தொங்கவிட்டு நாலஞ்சு பேர் சேந்து வலைய தூக்குறத பாத்துட்டே இருக்கலாம், மெரினால உதிக்கிற சூரியன தான பாத்திருப்போம், இங்க அது கடல்ல இறங்கும்.

சனிக்கிழமை யூத சினகாக் (யூதர்கள் கும்பிடுற இடம்) மூடியிருக்கும், நான் அப்படித்தான் போய் ஏமாந்தேன். அன்னிக்கு பக்கத்துல மட்டாஞ்சேரி அரண்மனை போங்க, 1555 வாக்குல போர்ச்சுகீசியர் கட்டுனது, சுவர் ஓவியத்துக்கே ஒரு மணி நேரம் வேணும். வெள்ளிக்கிழமை மட்டும் லீவு. வாஸ்கோடகாமாவ 1524ல புதைச்ச சர்ச்சும் ஃபோர்ட் கொச்சிலயே இருக்கு, உடம்ப அப்புறம் போர்ச்சுகலுக்கு கொண்டு போயிட்டாங்க.

பிரியாணி மட்டும் ஆம்பூரோட கம்பேர் பண்ணாதீங்க, மனசு ஒடையும். மீன் கறி, கப்பா (மரவள்ளிக்கிழங்கு) சாப்பிடுங்க.