லாக் செய்வதற்கு முன்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கோடி ரூபாய்ப் போட்டி பற்றியவை. ஆனால் எந்த நிகழ்ச்சி, எந்த சீசன் என்று ஒருவரும் எழுதவில்லை. அதனால் 2000-ஆம் ஆண்டு 'கௌன் பனேகா குரோர்பதி' தொடங்கியபோது இருந்த படிவரிசையையே அடிப்படையாக வைத்துக்கொள்கிறேன்: 15 கேள்விகள், 1,000 ரூபாயில் ஆரம்பித்து 1 கோடி வரை, 5-ஆவதிலும் (10,000) 10-ஆவதிலும் (3,20,000) பாதுகாப்புப் படி. தமிழில் வந்த 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி'யும் இதே குடும்பம்தான். தொகையும் லைஃப்லைனும் (விடை தெரியாதபோது எடுத்துக்கொள்ளும் உதவி) சீசனுக்குச் சீசன் மாறும். விதிமுறைத் தாளைப் படிக்காமல் யாரும் ஸ்டூடியோவுக்குள் நுழையாதீர்கள்.

3,20,000 வந்ததும் எழுந்துவிடுவதுதானே புத்திசாலித்தனம்? (முத்தியால்பேட்டை)

இல்லை. பத்தாவது கேள்வியைத் தாண்டிய பிறகு அந்தத் தொகை உங்களுடையது. பதினொன்றாவதைத் தவறாகச் சொன்னாலும் அதே 3,20,000தான் கையில் இருக்கும். சரியாகச் சொன்னால் 6,40,000. இழக்க ஒன்றுமில்லாத இடத்தில் விலகுவதற்கு என்ன பெயர் வைப்பது? நான்கில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டாவது சொல்லிவிட்டு வாருங்கள். ஆறாவது கேள்விக்கும் இதே கதைதான். விலகுவதைப் பற்றி யோசிக்க வேண்டிய இடங்கள் பாதுகாப்புப் படிகளுக்கு நடுவில் இருக்கின்றன, படியின் மேல் அல்ல.

லாக் செய்த பிறகு, அதாவது இறுதி விடை என்று உறுதி செய்த பிறகு, விடையை மாற்ற முடியுமா? (பண்ருட்டி)

முடியாது. அதற்கு முன்பு முப்பது தடவை மாற்றலாம்.

நாங்கள் யூனியன் பிரதேசம். பெட்ரோல் இங்கே மலிவு. பரிசுப் பணத்துக்கும் வரி குறைவாகத்தானே இருக்கும்? (லாஸ்பேட்டை)

பெட்ரோல் மேல் விழும் வாட் வரி உள்ளூர் அரசு நிர்ணயிப்பது. வருமான வரி மத்திய அரசுடையது. புதுச்சேரி எல்லையான கோரிமேட்டைத் தாண்டினாலும் தாண்டாவிட்டாலும் அது ஒன்றே. தொலைக்காட்சிப் போட்டியில் வென்ற தொகைக்கு நேராக 30 சதவீதம், அந்த வரியின் மேல் 4 சதவீத செஸ், ஆக 31.2. மொத்த வருமானம் 50 லட்சத்தைத் தாண்டினால் சர்சார்ஜ் என்ற கூடுதல் வரியும் சேரும். "எனக்கு வேறு வருமானமே இல்லை, மாணவன்" என்பதெல்லாம் எடுபடாது. அடிப்படை விலக்கு வரம்பு இந்தப் பணத்துக்குக் கிடையாது. செலவுக் கழிவும் கிடையாது. சென்னைக்குப் போய் வந்த பஸ் டிக்கெட்டைப் பத்திரப்படுத்தி ஒரு பயனும் இல்லை. கார் பரிசாக விழுந்தால் கார் மதிப்புக்கும் வரி உண்டு. அதைக் கட்டிய பிறகுதான் சாவி கைக்கு வரும்.

ஒன்றை எப்போதும் சொல்வேன், இப்போதும் சொல்கிறேன். பணப் பரிசு என்றால் வரியை நிகழ்ச்சி நடத்துபவர் பரிசிலிருந்தே பிடித்துக்கொண்டு, அரசுக்குக் கட்டிவிட்டுத்தான் மீதியைத் தருவார். "முதலில் நீங்கள் வரி அனுப்புங்கள், பிறகு பரிசுப் பணம் வரும்" என்று யாராவது தொலைபேசியில் சொன்னால் அவர் திருடர்.

50 லட்சம் கையில் இருக்கிறது, 1 கோடிக் கேள்வி. ஐம்பது-ஐம்பது போட்ட பிறகு இரண்டு விடை மிச்சம், இரண்டுமே சமமாகத் தெரிகின்றன. ஆடலாமா? (நெய்வேலி)

கணக்கு போடத் தெரிந்தவர் கேட்ட ஒரே கேள்வி இது. வரிக்கு முன் பார்த்தால்: சரியானால் 100 லட்சம், தவறினால் 3.2 லட்சம், சராசரி 51.6. கையில் இருப்பது 50. ஆடலாம் போலத் தோன்றும். வரிக்குப் பின் பாருங்கள். 50 லட்சத்தில் வீட்டுக்கு வருவது சுமார் 34.4. ஒரு கோடிக்குச் சர்சார்ஜும் சேர்ந்து 34 சதவீதத்துக்கு மேல் போய்விடுவதால் மிஞ்சுவது சுமார் 65.7. தோற்றால் 2.2. சராசரி 34-ஐத் தொடவில்லை. ஆகவே வெறும் பூவா தலையா நிலைமையில் எழுந்து வணக்கம் சொல்லுங்கள். உள்மனம் ஒரு பக்கம் பத்தில் ஆறு என்று சாய்ந்தால் ஆடலாம். அந்த 'ஆறு' உண்மையில் ஆறுதானா, ஆசை சொல்லும் ஆறா என்பதை நீங்கள்தான் அறிவீர்கள்.

நண்பரை அழைக்கும்போது 30 நொடி போதவே இல்லை. என்ன செய்வது? (நெல்லிக்குப்பம்)

போதும். வீணாக்குவது நீங்கள். "வணக்கம், நான் இப்போது ஹாட் சீட்டில் உட்கார்ந்திருக்கிறேன்" என்று ஆரம்பித்தால் ஐந்து நொடி காலி. திரையில் இருப்பதை அட்சரம் பிசகாமல் வாசித்தால் இன்னும் பதினைந்து. உதாரணத்துக்கு நம் ஊர்க் கேள்வியையே எடுத்துக்கொள்வோம்: "கடலூரை ஒட்டித் தேவனாம்பட்டினத்தில் உள்ள செயின்ட் டேவிட் கோட்டையை ஆங்கிலேயர்கள் எந்த ஆண்டில் விலைக்கு வாங்கினர்?" விடைகள் 1639, 1674, 1690, 1746. நீங்கள் சொல்ல வேண்டியது: "செயின்ட் டேவிட் கோட்டை, இங்கிலீஷ்காரர் வாங்கிய வருஷம். 1639, 1674, 1690, 1746." எட்டு நொடி. நண்பர் "1690" என்றதும் நன்றி சொல்லாதீர்கள். "எத்தனை சதவீதம்?" என்று கேளுங்கள். தொண்ணூறு என்பவரும் ஐம்பது என்பவரும் அதே குரலில்தான் பேசுவார்கள்.

இதை நல்ல கேள்வி என்றும் சொல்லவேண்டும். தவறான மூன்றும் வெறுமனே போட்ட எண்கள் அல்ல. 1639 ஆங்கிலேயர் மதராஸில் இடம்பெற்ற ஆண்டு, 1674 பிரெஞ்சுக் கம்பெனியின் பிரான்சுவா மார்த்தேன் புதுச்சேரிக்கு வந்த ஆண்டு, 1746 பிரெஞ்சுக்காரர் மதராஸைப் பிடித்த ஆண்டு. அரைகுறையாகத் தெரிந்தவர் மாட்டிக்கொள்வார், தெரிந்தவர் தப்பிப்பார்.

நண்பர் இணையத்தில் தேடிச் சொன்னால் என்ன என்று பலர் கேட்கிறீர்கள். அந்தத் தொல்லையாலேயே இந்தக் குடும்பத்தின் அமெரிக்கப் பதிப்பான 'ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர்' நிகழ்ச்சியில் 2010-இல் இந்த லைஃப்லைனை எடுத்துவிட்டார்கள். அதே பதிப்பில் 1999-இல் முதன்முதலாகப் பத்து லட்சம் டாலர் வென்ற ஜான் கார்பென்டர் கடைசிக் கேள்வியில் தன் தந்தையை அழைத்தார். உதவி கேட்க அல்ல. "நான் ஜெயிக்கப்போகிறேன்" என்று சொல்ல. அந்த அளவுக்குத் தெரிந்தால் நீங்களும் வணக்கம் சொல்லலாம்.

பார்வையாளர் வாக்கெடுப்பை நம்பலாமா? (அரியாங்குப்பம்)

சினிமா, கிரிக்கெட், சமையல், பழமொழி என்றால் நம்பலாம். அமெரிக்க நிகழ்ச்சியின் தொடக்க ஆண்டுகளில் பார்வையாளர்கள் பத்துக்கு ஒன்பது தடவை சரியாகச் சொன்னார்கள், தொலைபேசி நண்பர்கள் மூன்றுக்கு இரண்டு தடவை. ஆனால் பார்வையாளர்களைப் பெரும்பாலோர் எளிய கேள்வியில் கேட்டுவிடுகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பன்னிரண்டாவது கேள்வியில் அதே கூட்டம் உங்களைப் போலவே விழிக்கும். 40, 35, 15, 10 என்று பிரிந்தால் அதை வாக்கு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பத்தாவது கேள்விக்குள் இந்த லைஃப்லைனைச் செலவழித்துவிடுங்கள்.

வேக விரல் சுற்றில் எப்போதும் பின்தங்குகிறேன். (விருத்தாசலம்)

வரிசைப்படுத்தும் கேள்வியில் முதலாவதையும் கடைசியையும் கண்டுபிடித்தால் மீதி இரண்டுதான். பத்துப் பேரில் மிக விரைவாகச் சரியாக அழுத்தியவர் மட்டுமே உள்ளே போவார். வேகமான தவறு கணக்கில் வராது.

உள்ளூர்ப் போட்டியில் "புதுச்சேரி இந்தியாவுடன் இணைந்த ஆண்டு எது?" என்றார்கள். என் மாணவிகள் 1962 என்றனர். தவறு, 1954 என்று மதிப்பெண்ணை மறுத்துவிட்டார்கள். யார் சரி? (ஆசிரியை, மஞ்சக்குப்பம்)

உங்கள் மாணவிகளும் சரி, நடத்தியவர் தாளும் சரி. தவறு கேள்வியில். கீழூரில் வாக்கெடுப்பு நடந்தது 1954 அக்டோபர் 18. வாக்களிக்க 178 பேர், இணைப்புக்கு ஆதரவு 170. நிர்வாகம் கைமாறியது 1954 நவம்பர் 1. ஒப்படைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது 1956 மே 28. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16. விடைப் பட்டியலில் 1954, 1956, 1962 மூன்றும் இருந்தால் மூவரும் வாதாடலாம். "பிரெஞ்சு நிர்வாகம் எந்த ஆண்டு இந்தியாவின் கைக்கு வந்தது?" என்றோ "இணைப்பு சட்டப்படி எந்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது?" என்றோ கேட்டிருந்தால் சண்டையே இல்லை. கூடுதலாக ஓரிரு சொற்கள்; அதை எழுதச் சோம்பல்.

இந்தச் சோம்பல்தான் நம் பக்கத்து வினாடி வினாவைக் கெடுக்கிறது. அடுத்த அபத்தம் பிச்சாவரம். "உலகின் இரண்டாவது பெரிய அலையாத்திக் காடு எது?" என்று கேட்டு, பிச்சாவரம் என்று எழுதிக்கொள்வது கடலூர் மாவட்டத்தில் சம்பிரதாயமாகிவிட்டது. சுற்றுலாத் துண்டுப் பிரசுரத்தில் படித்தார்களாம். பிச்சாவரம் சுமார் 1,100 ஹெக்டேர். ஒடிசாவின் பிதர்கனிகா அதைவிடப் பல மடங்கு பெரிது. அவ்வளவு தூரம் போக வேண்டாம், தமிழ்நாட்டிலேயே முத்துப்பேட்டை அதைவிடப் பெரிது. சுந்தரவனத்துக்கு அடுத்தது பிச்சாவரம் என்றால் இவையெல்லாம் எங்கே போயின? பிச்சாவரம் அழகு, படகில் அந்த வேர்களுக்கு நடுவே போனவர்களுக்குத் தெரியும். அதற்குப் பொய்ப் பட்டம் சூட்ட வேண்டியதில்லை.

ஆரோவில் இன்னொன்று. "எந்த யூனியன் பிரதேசத்தில் உள்ளது?" என்று ஒரு தாளில் கேட்டிருந்தார்கள். அதன் பெரும்பகுதி தமிழ்நாட்டில், விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. புதுச்சேரி என்று எழுதிய குழந்தைக்கு மதிப்பெண்ணும், "ஐயா, அது தமிழ்நாடு" என்று எழுந்து நின்ற குழந்தைக்குத் திட்டும் கிடைத்தன. முதல், பெரிய, ஒரே, மிகப் பழைய என்ற சொற்கள் கேள்வியில் வந்தால் இரண்டு தனித்தனி இடங்களில் சரிபாருங்கள். ஒன்றைப் பார்த்து இன்னொன்று எழுதியது இரண்டு ஆகாது. போட்டியாளருக்கு ஒரு வார்த்தை, டீச்சர்: ஆட்சேபத்தை அடுத்த கேள்வி வாசிப்பதற்கு முன் எழுப்பச் சொல்லுங்கள். சான்றிதழ் கொடுத்து மேடையைக் கலைத்த பிறகு எந்த நடுவரும் காது கொடுக்கமாட்டார்.

எல்லாம் முன்கூட்டியே விடை சொல்லிக்கொடுத்து நடத்துவது என்கிறார் என் மைத்துனர். (வில்லியனூர்)

மைத்துனர் சொல்வது 1950-களின் அமெரிக்காவுக்குப் பொருந்தும். 'ட்வென்டி-ஒன்' நிகழ்ச்சியில் சார்லஸ் வான் டோரனுக்கு விடைகளை முன்பே கொடுத்தார்கள்; 1959-இல் நாடாளுமன்றக் குழு முன் அவரே ஒப்புக்கொண்டார். அடுத்த ஆண்டே இப்படிச் செய்வதைக் குற்றமாக்கிச் சட்டம் வந்தது. பின்னர் 2001-இல் இங்கிலாந்தின் 'மில்லியனர்' நிகழ்ச்சியில் திருட்டு எதிர்ப்பக்கத்திலிருந்து, போட்டியாளரிடமிருந்து வந்தது. ராணுவ மேஜர் சார்லஸ் இங்க்ராம் விடைகளை ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்ல, சரியானது வரும்போது அரங்கிலிருந்து இருமல் கேட்டதாக வழக்கு. 2003-இல் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது, பத்து லட்சம் பவுண்டும் கிடைக்கவில்லை. ஆக, ஏமாற்று நடக்கவே நடக்காது என்று சொல்லமாட்டேன். மைத்துனரிடம் ஆதாரம் இருந்தால் அனுப்பச் சொல்லுங்கள்.

கல்லூரிப் போட்டியில் எங்கள் அணிக்கு நேரடிக் கேள்வியே வருவதில்லை, முன்னால் இருக்கும் அணியே எல்லாவற்றையும் சாப்பிட்டுவிடுகிறது. (தாகூர் கலைக் கல்லூரி மாணவர்)

தொடர் பவுன்ஸ் முறை கேளுங்கள், தம்பி: ஓர் அணி சொல்லாத கேள்வி வரிசையாக அடுத்தடுத்த அணிகளுக்குப் போகும் முறை அது. ஒரு கேள்வியை நான்காவது அணி சொன்னால் அடுத்த நேரடிக் கேள்வி ஐந்தாவது அணிக்குப் போக வேண்டும். யாருமே சொல்லாவிட்டால் முதலில் கேட்கப்பட்ட அணிக்கு அடுத்ததற்கு. பாதிச் சுற்றில் திசையையும் மாற்ற வேண்டும். இதைச் செய்யாத நடத்துநர் நாற்காலிக்குத்தான் பரிசு கொடுக்கிறார்.

என் மகளுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. நன்றாகப் படிப்பாள். இப்படிப்பட்ட நிகழ்ச்சியில் இடம் தருவார்களா? (திருப்பாதிரிப்புலியூர்)

அம்மா, தந்திருக்கிறார்கள், ஒரு கோடியும் தந்திருக்கிறார்கள். ராதிகா சரத்குமார் நடத்திய 'கோடீஸ்வரி'யில் 2020 ஜனவரியில் ஒரு கோடி வென்ற மதுரை கௌசல்யா கார்த்திகா, பிறவியிலேயே செவித்திறனும் பேச்சும் இல்லாதவர். விண்ணப்பிக்கும்போதே மகளின் தேவையை எழுத்தில் தெரிவியுங்கள். தொலைபேசித் தேர்வுக்கு மாற்று ஏற்பாடு கேட்பது உரிமை, கெஞ்சல் அல்ல. பழகுவதற்கு ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான அரசுப் பாடநூல்களும் தினசரி ஒரு செய்தித்தாளும் போதும். அச்சுப்பிழை மலிந்த '5,000 பொது அறிவு' புத்தகங்களை வாங்கிக் கொடுக்காதீர்கள்.

பதிவு எப்போது தொடங்கும்? தேதி சொல்லுங்கள். (தவளக்குப்பம், பாகூர், குறிஞ்சிப்பாடி, இன்னும் பலர்)

நான் தொலைக்காட்சி அலுவலகம் அல்ல. சேனலில் விளம்பரம் வரும், பாருங்கள். பதிவுக்கும் தேர்வுக்கும் பணம் கேட்பவரிடம் பேச்சை நிறுத்துங்கள்.

குரோர்பதி பெயரில் எனக்கு 25 லட்சம் லாட்டரி விழுந்ததாக வாட்ஸ்அப்பில் வந்தது. அமிதாப் படமும் இருக்கிறது. 12,000 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா? (பெயர் வேண்டாம் என்றவர், ரெட்டியார்பாளையம்)

விளையாடாத விளையாட்டில் எப்படிப் பரிசு விழும்? கட்டாதீர்கள். கட்டிவிட்டீர்கள் என்றால், இதை முழுவதும் படித்துக்கொண்டிருக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே அழையுங்கள். வங்கியிலும் சொல்லுங்கள். மணிக்கணக்கு தாமதித்தால் பணம் கை மாறிக்கொண்டே போய்விடும்.