உறைபனியா, பின் இலைக்கருகலா? கேத்தியின் மாசி, பங்குனி வானிலையும் நீர்போக உருளைக்கிழங்கும்

கேள்வி: நீலகிரி மாவட்டம் கேத்தி பள்ளத்தாக்கில் முக்கால் ஏக்கரில், தை முதல் வாரத்தில், நீர்போகமாக (பாசனத்தை நம்பி நடும் போகம்), குப்ரி ஜோதி உருளைக்கிழங்கு நட்டிருக்கிறேன். அதை ஒட்டிக் கால் ஏக்கரில் கேரட் இருக்கிறது. மாசி நடுவில் ஓர் இரவு உறைபனி விழுந்து, கீழ்ப் பாத்திகளில் இலைகள் கருகின. பிறகு ஒரு வாரம் நல்ல வெயில் அடித்தது. சென்ற வாரம் இரண்டு நாள் விடாமல் மேகமூட்டமும் மூடுபனியும், மூன்றாம் நாள் மாலையில் ஆலங்கட்டி மழை. இப்போது மேல் பாத்திகளிலும் இலை நுனி கருகத் தொடங்கியிருக்கிறது. இதுவும் பனிக்கருகல்தான், மருந்து தேவையில்லை என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். மருந்துக் கடையில் உடனே அடிக்கச் சொல்லி இரண்டு மருந்துகள் கொடுத்திருக்கிறார்கள். உறைபனிக்குப் பயந்து தினமும் மாலையில் ஸ்பிரிங்க்ளர் போட்டு வருகிறேன். காலையில் ஸ்வெட்டர், நண்பகலில் சுள்ளென்று வெயில், மூன்று மணிக்கு மழை என்று மாறிக்கொண்டே இருக்கும் இந்தப் பருவத்தில் எதை நம்பி வேலை செய்வது?

பதில்: அம்மா, முதலில் ஒரு வேலையை இன்றே நிறுத்திவிடுங்கள். மாலையில் ஸ்பிரிங்க்ளர் போடுவதுதான் அது. உறைபனிக்கு நல்லது என்று நினைத்து நீங்கள் செய்வது, மேகமூட்டமான நாட்களில் பின் இலைக்கருகல் நோய்க்கு வழிவிடுகிறது. மாசி, பங்குனியில் மலைக்காட்டு விவசாயத்தின் உண்மையான சிக்கல் இதுதான். ஒரே வாரத்தில் உறைபனியும் வரலாம், கருகல் நோயும் வரலாம். ஒன்றுக்குத் தண்ணீர் காப்பு, மற்றதற்குத் தண்ணீரே வாசல். ஆகவே தினமும் ஒரே மாதிரி தண்ணீர் விடும் வழக்கம் இந்த இரண்டு மாதங்களுக்கு உதவாது. அன்றன்று மாலை வானத்தைப் பார்த்துத்தான் முடிவு எடுக்க வேண்டும்.

இனி, உங்கள் செடியில் இருப்பது எது என்று பார்ப்போம். உறைபனியால் கருகும் இலைக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. விடியற்காலையில் அது வெந்நீரில் போட்ட கீரை போல நீர்கோத்துக் கரும்பச்சையாகத் துவண்டிருக்கும், வெயில் ஏறியதும் அன்றைக்கே கறுத்துச் சுருங்கிவிடும். செடியின் உச்சி இலைகளில் பாதிப்பு அதிகமாகவும், அவற்றின் மறைவில் இருக்கும் அடி இலைகளில் குறைவாகவும் இருக்கும். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது, அதனால் முதலில் அடிபடுவது கீழ்ப் பாத்திகள்தான். மிக முக்கியமாக, உறைபனிக் கருகல் ஒரே நாளில் வந்து அத்துடன் நின்றுவிடும், பக்கத்துச் செடிக்குப் பரவாது. மாசி நடுவில் உங்கள் கீழ்ப் பாத்திகளில் நடந்தது இதுவே என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இப்போது மேல் பாத்தியில் தெரிவது வேறு என்றே நினைக்கிறேன். இரண்டு நாள் மேகமூட்டம், மழை, அதற்குச் சில நாட்கள் கழித்து இலை நுனியிலும் ஓரத்திலும் கருகல் என்ற வரிசை பின் இலைக்கருகலின் வரிசை. இந்த நோய்க் கிருமி இலைக்குள் புகுந்த பிறகு நம் கண்ணுக்குத் தெரிய மூன்று முதல் ஐந்து நாட்கள் வரை ஆகும். வெப்பநிலை 10 முதல் 20 டிகிரிக்குள்ளும், காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டுக்கு மேலும் இருந்து, இலை பத்துப் பன்னிரண்டு மணி நேரம் தொடர்ந்து நனைந்திருந்தால் அதற்கு அதைவிட நல்ல சூழல் கிடையாது. குளிர்ந்த ஈரத்தில் அதன் ஒவ்வொரு வித்துப்பையும் நீந்தக்கூடிய பல வித்துகளாகப் பிரிகிறது. இலைமேல் படிந்திருக்கும் நீர்ப்படலத்தில் அவை நீந்திச் சென்று புதிய இடங்களில் துளைத்து இறங்குகின்றன. மேகமூட்டமான மாலையில் நீங்கள் விட்ட தண்ணீர் விடியும்வரை காயாமல் இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். 1845-ல் தொடங்கி அயர்லாந்து மக்களைப் பட்டினியில் தள்ளிய அதே நோய்தான் இது. ஈரம் கிடைத்தால் ஒரு வாரத்தில் தோட்டம் முழுவதும் பரவிவிடும். ஆகையால் ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று விடக்கூடாது.

என் ஊகத்தை நம்ப வேண்டாம், நீங்களே உறுதி செய்துகொள்ளலாம். நாளை காலை வெயில் படுவதற்கு முன்பு மேல் பாத்திக்குச் சென்று, கருகிய இலையைத் திருப்பி அடிப்புறம் பாருங்கள். கறுத்த புள்ளிக்கும் நல்ல பச்சைக்கும் இடையே, வெளிறிய பச்சை விளிம்பை ஒட்டி, மெல்லிய வெண்பூசணம் மாவு தூவியது போல் வளையமாகத் தெரிந்தால் அது பின் இலைக்கருகல். வெயில் ஏறி இலை காய்ந்துவிட்டால் அந்த வெண்மை மறைந்துவிடும், பத்து மணிக்கு மேல் பார்த்து ‘ஒன்றுமில்லை’ என்று திரும்பிவிடக்கூடாது. காலையில் தெளிவாகத் தெரியாவிட்டால், ஓரத்தில் கருகல் தொடங்கிய நான்கைந்து இலைகளைப் பறித்து, நனைத்துப் பிழிந்த காகிதத்துடன் ஒரு பாலிதீன் பையில் போட்டுக் கட்டி, வீட்டுக்குள் குளிர்ந்த இடத்தில் ஓர் இரவு வைத்திருங்கள். நோயாக இருந்தால் மறுநாள் அடிப்புறத்தில் வெண்பூசணம் வளர்ந்திருக்கும், பனியால் கருகியது என்றால் வளராது. தண்டில் பழுப்புக் கீற்றுகள் இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள், அவையும் நோயின் அடையாளமே. ஆலங்கட்டி பட்ட காயம் இவை இரண்டிலிருந்தும் வேறு. அதில் இலை கிழிந்தும் துளைபட்டும் இருக்கும், தண்டில் மழை வீசிய பக்கத்தில் மட்டும் நசுங்கிய தழும்பு இருக்கும்.

நோய் என்று உறுதியானால் அன்றைக்கே மருந்து தெளிக்க வேண்டும். நோய் வருவதற்கு முன்பு தடுப்பாக அடிப்பதற்கு மாங்கோசெப் லிட்டருக்கு 2 கிராம் போதுமானது. ஆனால் அது இலையின் மேற்பரப்பில் மட்டும் காவல் நிற்பது, உள்ளே புகுந்துவிட்ட கிருமியை ஒன்றும் செய்யாது. உங்கள் தோட்டத்தில் புள்ளி தெரிந்துவிட்டதால், சைமாக்சனில் (Cymoxanil) 8 விழுக்காடும் மாங்கோசெப் 64 விழுக்காடும் சேர்ந்த கலவை மருந்தை லிட்டருக்கு 3 கிராம் வீதம், இலையின் அடிப்புறமும் தண்டும் நனையும்படி அடியுங்கள். நம் தோட்டங்களில் மருந்து வீணாவது பெரும்பாலும் அளவு குறைவதால் அல்ல, மேலோட்டமாக அடிப்பதால்தான். எட்டுப் பத்து நாளில் வானம் தெளியாவிட்டால் மறுபடியும் அடிக்க வேண்டியிருக்கும், அப்போது இதே மருந்தைத் தொடராமல் டைமெத்தோமார்ப் போன்ற வேறு வகை மருந்தை மாங்கோசெப்புடன் சேர்த்து அடியுங்கள். காலைப் பனி இலையில் காய்ந்த பிறகு, ஒன்பது மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இடையே அடித்தால், மூன்று மணி மழைக்குள் மருந்து இலையில் பிடித்துக்கொள்ளும். கூடவே ஒட்டும் திரவம் சேருங்கள். கையுறையும் முகக்கவசமும் அணியாமல் யாரையும் அடிக்க விடாதீர்கள். மருந்துப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் காத்திருப்பு நாட்கள் முடிவதற்கு முன் கிழங்கு தோண்டக்கூடாது.

கடையில் கொடுத்த இரண்டு மருந்துகளின் பெயரை நீங்கள் எழுதவில்லை. பெட்டியைப் பாருங்கள். அது பூச்சிக்கொல்லி என்றால் கருகலுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை, செலவும் நஞ்சும்தான் மிச்சம். இரண்டையும் ஒரே டேங்கில் கலந்து அடிப்பதையும் நான் ஏற்கமாட்டேன். இயற்கை முறையில் செய்வதானால் ஒரு விழுக்காடு போர்டோ கலவை இருக்கிறது. ஒரு கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டரிலும், ஒரு கிலோ நீற்றுச் சுண்ணாம்பை 50 லிட்டரிலும் தனித்தனியாகக் கரைத்துப் பிறகு ஒன்றாகச் சேர்க்க வேண்டும். தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்புக் கத்தியை அதில் ஒரு நிமிடம் நனைத்து எடுங்கள், கத்தியில் செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும் என்று பொருள். அதைக் கவனிக்காமல் அடித்தால் மருந்தே இலையைக் கருக்கிவிடும். இதுவும் தடுப்பு மருந்துதான் என்பதால், இன்னும் நோய் தெரியாத பாத்திகளுக்கே பொருந்தும்.

அடுத்து தண்ணீர். மாலை ஐந்து மணிக்கு வெளியே வந்து பாருங்கள். வானத்தில் மேகமே இல்லை, காற்றும் அசையவில்லை, உதடு வெடிக்கும் அளவுக்கு வறட்சியாக இருக்கிறது என்றால் அது உறைபனி இரவு. மேகமூட்டமோ மூடுபனியோ இருந்தால், எவ்வளவு குளிர் தெரிந்தாலும், தரையின் சூடு மேலே தப்பிப் போகாது என்பதால் உறைபனி விழாது. அன்றைக்கு ஸ்பிரிங்க்ளரைத் தொடக்கூடாது. மேக நாட்களில் பயிர் தண்ணீர் கேட்டால் காலை ஒன்பது பத்து மணிக்கு விட்டு, பிற்பகல் இரண்டு மணிக்குள் இலை காய்ந்துவிடும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கொடியில் காயப்போட்ட துணி மாலைவரை ஈரமாகவே இருக்கும் நாட்களில் அந்தத் தண்ணீரும் வேண்டாம்.

உறைபனி இரவு என்று தெரிந்தால் அன்றைய நண்பகலிலேயே கீழ்ப் பாத்திகளின் மண்ணை நனைத்து வையுங்கள். ஈரமண் பகல் வெயிலைச் சேர்த்து வைத்து இரவில் மெல்ல விடும். பின்னிரவில், இலையில் பனி உறையத் தொடங்குவதற்கு முன் ஸ்பிரிங்க்ளரை ஓட விட்டு, வெயில் வந்து இலைமேல் உள்ள பனிக்கட்டி முழுவதும் உருகும்வரை நிறுத்தக்கூடாது. தண்ணீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம்தான் இலையைக் காக்கிறது. பாதியில் நிறுத்தினால் அந்த வெப்பம் நின்றுபோய், தண்ணீரே விடாத செடியைவிட மோசமாகக் கருகும். தொட்டியில் அவ்வளவு நேரத்துக்குத் தண்ணீர் இல்லையென்றால் பின்னிரவுப் பாசனத்தைத் தொடங்காமல் இருப்பதே மேல், நண்பகல் ஈரத்துடன் விட்டுவிடுங்கள். புகை போடும் பழக்கமும் இங்கே உண்டு. திறந்த வெளியில் புகை நிற்பதில்லை, அதனால் கிடைக்கும் சூடு மிகக் குறைவு. இந்த மாதங்களில் புல்லும் காடும் காய்ந்து கிடப்பதால் நெருப்பு பரவும் அபாயமே பெரிது. அதற்குப் பதிலாக, கடைசிப் பாத்தியின் கீழ் விளிம்பில் அடர்ந்த வேலியோ புதரோ இருந்தால், நடுவில் இரண்டு மூன்று இடங்களில் வெட்டித் திறந்து விடுங்கள். தேங்கும் குளிர்ந்த காற்று வெளியேற வழி கிடைக்கும்.

எதை நம்புவது என்று கேட்டிருந்தீர்கள். வானிலைத் துறையின் மேகதூத் செயலியில் வரும் மாவட்ட முன்னறிவிப்பைத் தவறாமல் பாருங்கள், மேகமா தெளிவா என்பதற்கு அது உதவும். ஆனால் அதிலுள்ள குறைந்தபட்ச வெப்பநிலை ஆள் உயரத்துக் காற்றின் அளவு. தெளிந்த இரவில் செடி மட்டத்தில் அதைவிட மூன்று நான்கு டிகிரி குறைவாக இருக்கும், கேத்தி போன்ற பள்ளத்தில் இன்னும் குறையலாம். கீழ்ப் பாத்தியில் ஒரு குச்சி நட்டு, செடி உயரத்தில் ஒரு சாதாரண வெப்பமானியைக் கட்டி வையுங்கள். ஒரு பருவம் குறித்து வைத்தால், செயலி இத்தனை டிகிரி சொன்னால் என் பாத்தியில் இத்தனை என்ற கணக்கு உங்கள் கைக்கு வந்துவிடும்.

மாசியில் கருகிய கீழ்ப் பாத்திச் செடிகளைப் பிடுங்க வேண்டாம். கணுக்களிலிருந்து இந்நேரம் புதுத் தளிர் வந்திருக்க வேண்டும், வந்திருந்தால் லிட்டருக்கு 10 கிராம் யூரியா கரைத்து ஒருமுறை இலைவழி கொடுங்கள். நோய்ப் புள்ளி உள்ள செடிகளுக்கு மட்டும் இதைக் கொடுக்காதீர்கள், தழை கூடினால் ஈரம் உள்ளே தங்கும். ஆலங்கட்டி மழை பார்களை (செடி நிற்கும் மண்மேடுகளை) கரைத்திருக்கும். நட்டு அறுபது நாள் ஆகும் நேரம், மண் அணைக்கும் தருணமும் இதுவே. கிழங்கின்மேல் குறைந்தது நான்கு விரற்கடை மண் இருக்கும்படி, நிலம் சற்று உலர்ந்ததும் அணைத்துவிடுங்கள். வெளியே தெரியும் கிழங்கு பச்சையாகி விலை போகாது என்பது ஒரு காரணம். இலையிலிருந்து மழைநீரில் கழுவப்பட்டு இறங்கும் வித்துகள் கிழங்கைத் தொடாமல் அந்த மண்தான் தடுக்கும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

இவ்வளவும் செய்த பிறகும் தழையில் முக்கால் பங்குக்கு மேல் கருகிவிட்டால், காப்பாற்ற முயன்று செலவு செய்ய வேண்டாம். தழையை அடியோடு வெட்டி, தோட்டத்துக்கு வெளியே குழியில் புதைத்துவிட்டு, பதினைந்து நாள் கழித்துக் கிழங்கு தோண்டுங்கள். தோலும் கெட்டிப்படும், மண்மேல் உள்ள வித்துகளும் அழியும். அதற்கு முன் தோண்டி மூட்டை கட்டினால், மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்ச் சேர்வதற்குள் அழுகல் தொடங்கிவிடும்.

கேரட்டுக்கு இந்த நோய் வராது. ஆலங்கட்டியால் தழை கிழிந்திருந்தாலும் நடுக்குருத்து நன்றாக இருந்தால் தேறிவிடும். தண்ணீர் தேங்காமல் வாய்க்காலை மட்டும் சரிசெய்து விடுங்கள்.

இந்த அறுவடையிலிருந்து விதைக்கிழங்கு எடுத்து வைக்காதீர்கள். மேலே நன்றாகத் தெரியும் கிழங்கின் தோலுக்கு அடியிலும் செம்பழுப்பு நிறத்தில் நோய் ஒளிந்திருக்கும், அடுத்த போகத்தில் முளைக்கும்போது முதல் புள்ளி அங்கிருந்துதான் கிளம்பும். கடைபோகத்துக்கான (ஆண்டின் கடைசிப் போகம்) விதையை இப்போதே தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் கேட்டுப் பதிவு செய்து வையுங்கள். நாளைக் காலை இலையின் அடிப்புறம் என்ன தெரிந்தது என்பதையும், கடை மருந்துகளின் பெயரையும் எழுதுங்கள், அடுத்த தெளிப்பை அதை வைத்து முடிவு செய்யலாம்.