மூலை வீட்டுக்கு வந்த தெருக் கணக்கு

கேள்வி: மினசோட்டாவில் ஒரு மூலை வீட்டில் குடியிருக்கிறோம். தெருவை அடியோடு தோண்டிப் புதிதாகப் போடப் போகிறார்களாம். எங்கள் பங்கு 9,400 டாலர் என்று நகர அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. ஆண்டுதோறும் சொத்து வரி கட்டுகிறோமே, தெருவுக்குத் தனியாக ஏன் தர வேண்டும்? பக்கத்து வீட்டுக்கு எங்களைவிடக் குறைவு. கூட்டத்தில் போய்ப் பேசினால் பயன் உண்டா?
— ஒரு வாசகி

பதில்: முதல் வேலையாக, கடிதத்தில் போட்டிருக்கும் கூட்டத் தேதியை வட்டமிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆட்சேபிக்கும் உங்கள் உரிமை அந்த நாளோடு கட்டுண்டது. ஒரு நகரத்தின் பொறியியல் பிரிவில் இத்தகைய பட்டியல்களைத் தயாரித்தவள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

இதை ஸ்பெஷல் அசெஸ்மென்ட் என்பார்கள். சட்டத்தின் பார்வையில் இது வழக்கமான சொத்து வரி அல்ல. அதனால்தான் வரிவிலக்குப் பெற்ற தேவாலயங்களும் கட்டுகின்றன. புதுத் தெருவால் உங்கள் மனைக்கென்று தனியாக ஒரு நன்மை கிடைக்கிறது, அதற்கு ஈடாகத்தான் இந்தத் தொகை என்பது அடிப்படை. நன்மைக்கு ஈடு என்பதாலேயே இதற்கு ஓர் உச்சவரம்பும் உண்டு: தெருவால் உங்கள் சொத்தின் சந்தை மதிப்பு எவ்வளவு உயர்கிறதோ, அதைத் தாண்டி வசூலிக்க முடியாது. செயின்ட் பால் நகரம் தெருப் பராமரிப்புக்கு விதித்து வந்த கட்டணத்தை எதிர்த்து இரண்டு தேவாலயங்கள் வழக்குப் போட்டன. அது வெறும் சேவைக் கட்டணம் அல்ல, வரிவிதிக்கும் அதிகாரத்தின்கீழ் விதித்ததே, ஆகவே இந்த மதிப்பு உயர்வுச் சோதனைக்கு உட்பட்டதே என்று 2016-இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆகவே, ‘ஏற்கெனவே வரி கட்டுகிறோமே’ என்ற வாதம் அங்கே எடுபடாது. ‘என் வீட்டின் விலை 9,400 டாலர் உயருமா, காட்டுங்கள்’ என்று கேளுங்கள். பல நகரங்கள் மதிப்பீட்டாளரை வைத்து ஓர் அறிக்கை வாங்கி வைத்திருக்கும். அதன் பிரதியைக் கேட்டு வாங்குங்கள்.

பக்கத்து வீட்டுக்கு ஏன் குறைவு? சில நகரங்கள் வீட்டுக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரிக்கின்றன. சில, மனை தெருவைத் தொடும் நீளத்தை அடிக்கணக்கில் அளக்கின்றன. அடிக்கு 100 டாலர் என்றால், 80 அடி முகப்புக்கு 8,000 டாலர். மூலை மனைக்கு இரண்டு பக்கம் தெரு. நீளப் பக்கத்தை முழுதாகக் கணக்கிட்டால் தொகை ஏறிவிடும். அதனால் மூலை மனைக்குச் சலுகை தரும் விதியைப் பல நகரங்கள் எழுதி வைத்திருக்கின்றன. உங்கள் நகரத்தின் கொள்கை ஆவணத்தில் அதைத் தேடுங்கள். எந்தப் பக்கத்தை, எத்தனை அடி கணக்கில் எடுத்தார்கள் என்பதை நாடாவைப் பிடித்து நீங்களே அளந்து பாருங்கள். மற்றப் பக்கத்துத் தெருவைப் போடும்போது இன்னொரு கடிதம் வருமா என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள்.

இனி கூட்டம். பொதுவாக இரண்டு கூட்டங்கள் நடக்கும். முதலாவது, தெருவைப் போடலாமா என்று முடிவெடுக்க. தெருவாசிகள் உரிய அளவில் மனுக் கொடுக்காமல் நகர மன்றமே தொடங்கும் திட்டமானால் ஐந்தில் நான்கு பங்கு வாக்கு வேண்டும். ஐவர் கொண்ட மன்றத்தில் இருவர் மறுத்தாலே திட்டம் நின்றுவிடும். பேசி மனத்தை மாற்ற உகந்த இடம் இதுதான். இரண்டாவது கூட்டம், யாருக்கு எவ்வளவு என்ற பட்டியலை ஏற்க. அங்கே பேச்சு மட்டும் போதாது. நான் பார்த்த அப்படிப்பட்ட ஒரு கூட்டத்தில் ஒரு மூதாட்டி மைக் முன் நின்று, மழைநீர் தன் வாசலில் தேங்குவதையும் தெரு உயர்ந்தால் இன்னும் மோசமாகும் என்பதையும் அவ்வளவு தெளிவாக விளக்கினார். மன்றமே அமைதியாகக் கேட்டது. ஆனால் கையெழுத்திட்ட ஆட்சேபக் கடிதம் எதையும் அவர் தரவில்லை. தொகையை எதிர்த்து நீதிமன்றம் போகும் வழி அத்தோடு அடைபட்டது. அது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

நீங்கள் அப்படி விட்டுவிடாதீர்கள். ‘இந்தச் சொத்தின் மீதான விதிப்பை ஆட்சேபிக்கிறேன்’ என்று எழுதி, முகவரியும் சொத்து எண்ணும் போட்டு, உரிமையாளர்கள் இருவரும் கையெழுத்திடுங்கள். கூட்டத்துக்கு முன்பே நகர எழுத்தரிடமோ, கூட்டத்தில் தலைமை வகிப்பவரிடமோ கொடுத்து, பிரதியில் தேதி முத்திரை வாங்குங்கள். பட்டியல் ஏற்கப்பட்ட பிறகு மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள் அவகாசம். அங்கே போனால் சொந்த மதிப்பீட்டாளரும் வழக்கறிஞரும் தேவைப்படலாம். சில நூறு டாலர் வித்தியாசத்துக்கு அந்தச் செலவு கட்டுபடியாகாது.

பணம் கட்டுவதில்: ஏற்கப்பட்ட 30 நாளுக்குள் முழுத் தொகையையும் செலுத்தினால் வட்டி இல்லை. இல்லையெனில் சொத்து வரியோடு தவணையாக, வட்டியுடன் வரும். 65 வயது நிறைந்து, கட்டச் சிரமப்படுகிற உரிமையாளர்களுக்குத் தள்ளிவைக்கும் சலுகையை நகரம் தரலாம், விண்ணப்பித்தால்தான் கிடைக்கும். புதுத் தெருவுக்கான இந்தத் தொகையைக் கூட்டாட்சி வருமான வரியில் சொத்து வரியாகக் கழிக்க முடியாது. ஆனால் விற்கும்போது லாபத்தைக் கணக்கிட எடுத்துக்கொள்ளும் வீட்டின் அடக்கவிலையோடு அது சேரும் என்பதால், விற்கும் நாள் வரை ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.