டிவியில் வராத டென்னிஸ்

கேள்வி: என் மகனுக்கு வயது 24. இங்கேயே பிறந்து வளர்ந்தவன். கல்லூரி அணியில் ஆடிவிட்டுத் தொழில்முறை டென்னிஸுக்குப் போனான். தரவரிசை 450-ஐ ஒட்டியே நிற்கிறது. எங்கள் சேமிப்பு கரைகிறது. "போதும்ப்பா" என்று சொல்லிவிடலாமா?
- ஒரு தாய், ஹூஸ்டன்

பதில்: இப்போதைக்கு வேண்டாம் அம்மா. ஆனால் உங்கள் ஓய்வுக்காலப் பணத்தில் இனி கைவைக்காதீர்கள்.

உலகத்தில் 450-வது ஆள் என்றால் சாமானியம் இல்லை. சம்பாத்தியம்தான் சாமானியத்துக்கும் கீழே. அடிமட்டப் போட்டியில் மொத்தப் பரிசே 15,000 டாலர். கோப்பையை வென்றவருக்கே இரண்டாயிரத்துச் சொச்சம்தான்; முதல் சுற்றில் தோற்றால் நூற்றைம்பது சொச்சம். விமானம், அறை, ராக்கெட்டுக்கு ஸ்ட்ரிங் போடும் கூலி எல்லாம் கைக்காசு. அதே விளையாட்டில், 2024 யு.எஸ். ஓபனில் முதல் சுற்றிலேயே தோற்றவருக்கு 1,00,000 டாலர்! அங்கே நேரடியாக நுழைய ஏறக்குறைய முதல் நூறு பேருக்குள் இருக்க வேண்டும்.

மைக்கேல் ரஸ்ஸலைத் தெரியுமா? டெட்ராய்ட்டில் பிறந்தவர். 2001 பிரெஞ்சு ஓபனில் தகுதிச் சுற்றில் ஆடி உள்ளே வந்து, நான்காவது சுற்றில் நடப்புச் சாம்பியன் குவெர்ட்டனுக்கு எதிராக இரண்டு செட் முன்னிலை. மூன்றாவதில் 5-3, கையில் மேட்ச் பாயிண்ட்; அந்த ஒரு புள்ளியை எடுத்தால் ஆட்டமே அவருக்கு. அது நழுவியது, ஆட்டமும் போனது. குவெர்ட்டன் களிமண் தரையில் இதயம் வரைந்து கொண்டாடினார், அந்த வருடக் கோப்பையையும் தூக்கினார். ரஸ்ஸலோ முழங்கால் அறுவைசிகிச்சை, சேலஞ்சர் எனும் இரண்டாம் நிலைப் போட்டிகள் என்று அலைந்து, 29 வயதில்தான் தன் உச்சமான 60-வது இடத்தைத் தொட்டார். ஆண்கள் தொழில்முறை டென்னிஸை நடத்தும் ஏடிபி அமைப்பின் முதல்நிலைப் போட்டிகளில் ஒற்றையர் பட்டம் ஒன்றுகூட இல்லை. 2015-இல் ஓய்வு பெற்று, பிறகு அமெரிக்க முன்னணி வீரர் டெய்லர் ஃபிரிட்ஸின் பயிற்சியாளர் ஆனார். 24 வயதைக் கடைசி பஸ் மாதிரி நினைக்காதீர்கள் என்பதற்காகச் சொன்னேன். எல்லாரும் ரஸ்ஸல் ஆகிவிடுவார்கள் என்று சொல்லவில்லை.

சரி, என்ன செய்யலாம்? நூறை மறந்துவிட்டு 250-ஐ இலக்காக வையுங்கள். 176 முதல் 250 வரை உள்ளவர்களுக்குச் சில நிபந்தனைகளுடன் ஆண்டுக்கு 75,000 டாலர் வருமான உத்தரவாதத் திட்டத்தை ஏடிபி 2024-இல் கொண்டுவந்தது. ஜெர்மனி, பிரான்ஸ் கிளப் அணிகளுக்கு ஆடினாலும் கையில் காசு வரும்; அவன் முயன்றானா, கேளுங்கள். வருடத்துக்கு இவ்வளவுதான் தருவோம் என்று ஒரு தொகையை இப்போதே பேசி முடியுங்கள். மீதியை வார இறுதியில் பிள்ளைகளுக்குக் கோச்சிங் கொடுத்து அவனே தேடட்டும்.

அப்புறம், "டிவியில எப்ப வருவான்?" என்று கேட்கும் சொந்தக்காரர்களின் போனை அவனிடம் கொடுக்காதீர்கள்.