ஆன்லைன் கடைக்கான கட்டுரைகள்: எங்கிருந்து வாங்குவது, எதைத் தவிர்ப்பது?

கேள்வி: வீட்டுத் தோட்டத்துக்கான விதைகள், தொட்டிகள், கருவிகளை இணையத்தில் விற்கிறேன். தளத்தில் பொருட்கள் நிறைய இருக்கின்றன, படிக்கத்தான் ஒன்றும் இல்லை. 500 கட்டுரைகள் கொண்ட பி.எல்.ஆர். தொகுப்பு ஒன்று மலிவாகக் கிடைத்ததால் வாங்கிவிட்டேன். சாட்ஜிபிடியே போதும் என்கிறார் ஒரு நண்பர். எழுத்தாளரை அமர்த்தச் சொல்கிறார் இன்னொருவர். எதில் பணம் போடுவது? வாங்கிய தொகுப்பை அப்படியே ஏற்றலாமா?

பதில்: ஏற்றாதீர்கள். மற்றதைப் பிறகு பார்ப்போம், முதலில் இதை நிறுத்திவையுங்கள்.

பி.எல்.ஆர். என்றால், வாங்குபவர் தன் பெயரைப் போட்டுக்கொள்ளவும் திருத்தவும் அனுமதிக்கும் உரிமத்தோடு விற்கப்படும் எழுத்து. விற்றவர் அதே தொகுப்பைக் கேட்டவர்களுக்கெல்லாம் விற்பார், அதுதான் அவர் தொழில். சட்டப்படி அதில் பிழை இல்லை. ஆனால் ஒரே கட்டுரை பல தளங்களில் இருந்தால், கூகுள் பொதுவாக அவற்றில் ஒன்றைத் தேர்ந்து காட்டிவிட்டு மற்றவற்றை ஒதுக்கிவிடும். புதிதாக வந்த உங்கள் தளம் அந்த ஒன்றாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இதைத் தண்டனை என்று சிலர் பயமுறுத்துவார்கள். நகல் இருப்பதற்காக மட்டும் கூகுள் தண்டிப்பதில்லை, உங்கள் பக்கம் யார் கண்ணிலும் படாமல் போகிறது, அவ்வளவுதான். அந்த எழுத்தே தளம் முழுக்க நிறைந்தால் கதை வேறு. சத்தற்ற பக்கங்களைக் குவித்த தளங்களை 2011-இல் கூகுள் தன் தேடல் வரிசைமுறையில் கொண்டுவந்த 'பாண்டா' என்ற மாற்றம் கீழே தள்ளியது. தேடல் தரவரிசைக்காகப் பயனற்ற பக்கங்களை மொத்தமாக உற்பத்தி செய்வதை 2024 மார்ச்சில் கூகுள் தன் ஸ்பேம் விதிகளில் வெளிப்படையாகச் சேர்த்தது. எழுதியது மனிதரா இயந்திரமா என்ற வேறுபாடு அந்த விதியில் இல்லை.

எழுதுவது யார் என்ற கேள்வியில்தான் எல்லோரும் சிக்கிக்கொள்கிறார்கள். எழுதுவதற்கான விவரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுப் பாருங்கள், குழப்பம் பாதி தீரும். அந்த விவரம் உங்களிடமே இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த கேள்விகள், பொருளைத் திருப்பி அனுப்பியவர்கள் சொன்ன காரணங்கள், தளத்தின் தேடல் பெட்டியில் மக்கள் தட்டிய சொற்கள், எல்லாவற்றையும் ஓரிடத்தில் திரட்டுங்கள். 'விதை முளைக்கவே இல்லை' என்று பலர் புகார் சொல்லியிருப்பார்கள். பெரும்பாலான விதைகளை அவற்றின் பருமனைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆழத்தில் ஊன்றினால் போதும். பெட்டூனியா போன்ற தூசு விதைகளுக்கோ வெளிச்சம் வேண்டும், மண்ணால் மூடக் கூடாது. எந்த விதையை எவ்வளவு ஆழத்தில் ஊன்றுவது என்று, நீங்கள் விற்கும் ஒவ்வொரு விதையின் பெயரையும் போட்டு, நீங்களே முளைக்கவைத்து எடுத்த படங்களோடு ஒரு பக்கம் வந்தால், அதற்கு நிகரான பக்கம் அந்த 500-இல் ஒன்றுகூட இருக்காது. புகார்களும் குறையும்.

இந்த விவரங்களை எழுத்தாக்க ஆள் வேண்டுமென்றால் ஃப்ரீலான்ஸ் எழுத்தாளரைத்தான் நான் முதலில் சொல்வேன். தேர்ந்தெடுக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரே ஒரு கட்டுரையை, உரிய பணம் கொடுத்து, எழுதச் சொல்லுங்கள். எழுதும் முன் உங்களிடம் கேள்வி கேட்கிறாரா என்று கவனியுங்கள். தலைப்பை வாங்கிக்கொண்டு போய் மறுநாளே கட்டுரையோடு வருபவர், பெரும்பாலும் இணையத்தில் ஏற்கெனவே இருப்பதை மாற்றி எழுதித் தருகிறார். அதற்கும் உங்கள் தொகுப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எழுதவே நேரமில்லை என்றால் கவலைப்படாதீர்கள். அரைமணி நேரம் பேசி, குரல்பதிவாக அவருக்கு அனுப்புங்கள். நல்ல எழுத்தாளருக்கு அதுவே பொன்.

வேலை தொடங்கும் முன்பே பதிப்புரிமையை எழுத்தில் முடித்துவிடுங்கள். பணம் கொடுத்ததாலேயே கட்டுரை நமக்குச் சொந்தம் என்று பலரும் நம்புகிறார்கள். பல நாடுகளில் அப்படி இல்லை. 1886-இல் உருவான, பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் ஒப்பந்தத்தில் சேர்ந்துள்ள நாடுகளில் எழுதிய கணமே, எந்தப் பதிவும் இல்லாமல், உரிமை பிறந்துவிடுகிறது. சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர் அல்லாமல் வெளியாள் எழுதினால், எழுத்துமூலம் மாற்றித் தரும்வரை அது பெரும்பாலும் அவரிடமே இருக்கும். எல்லா உரிமைகளும், எல்லா ஊடகங்களுக்கும், காலவரம்பின்றி உங்களுக்கு வருகின்றன என்றும், எழுத்து அவருடைய சொந்த எழுத்து என்றும் ஒரு பக்க ஒப்பந்தம் போட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.

சாட்ஜிபிடியை நண்பர் சொல்வதுபோல் பயன்படுத்தலாம், ஆனால் உங்கள் குறிப்புகளை ஒழுங்குபடுத்த, தலைப்புகளைப் பிரிக்க, நீளத்தைக் குறைக்க மட்டும். தகவலை அதனிடம் கேட்டு வாங்கி ஏற்றுவது ஆபத்து. சிநெட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளம் வெளியிட்ட இயந்திரக் கட்டுரைகள் 77-இல் 41-க்கு 2023-இல் திருத்தம் போட நேர்ந்தது. 10,000 டாலரை 3 சதவீத வட்டியில் போட்டால் ஓராண்டில் 10,300 டாலர் ஈட்டலாம் என்று ஒரு கட்டுரை சொல்லியிருந்தது. வட்டி 300 டாலர்தானே! படித்தால் தடுமாறாத வாக்கியம் என்பதால்தான் இத்தகைய பிழை கண்ணில் படுவதில்லை. பூச்சிமருந்தின் அளவில் இப்படி ஒரு பிழை வந்தால் வாடிக்கையாளரின் செடியே போய்விடும். இன்னொன்று, மனிதப் பங்களிப்பே இல்லாத இயந்திரப் படைப்புக்கு அமெரிக்காவில் பதிப்புரிமை கிடையாது. அங்கே மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 மார்ச்சில் இதை உறுதிசெய்தது. அப்படிப்பட்ட பக்கத்தை ஒருவர் அங்கே நகலெடுத்தால் தடுக்க உங்களுக்குப் பிடி இருக்காது.

இலவசமாகக் கிடைப்பவற்றில் உரிமத்தைப் படித்துவிட்டே கை வையுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், அதாவது படைப்பைப் பிறர் சில நிபந்தனைகளோடு இலவசமாகப் பயன்படுத்த விடும் உரிமத்தில், 'வணிகப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று இருந்தால் கடைக்கு ஆகாது. விக்கிப்பீடியா எழுத்தை வணிகத்துக்கு எடுக்கலாம், ஆனால் மூலத்தைக் குறிப்பிட வேண்டும், மாற்றி எழுதியதையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். விவசாயப் பல்கலைக்கழகங்களின் கையேடுகளிலிருந்து தகவலை எடுத்துக்கொள்ளலாம், வாக்கியங்களை அல்ல. தயாரிப்பாளர் தரும் பொருள் விவரத்தில் அளவுகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வருணனை எல்லாக் கடைகளிலும் அதேதான்.

வாங்கிய தொகுப்பை வீணாக்க வேண்டாம். தலைப்புகளை மட்டும் வரிசையாகப் பாருங்கள். உங்கள் வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளர்கள் ஏற்கெனவே கேட்டவற்றோடு ஒத்துப்போகும் பத்தைத் தேர்ந்தெடுங்கள். அந்தப் பத்தையும் உங்கள் விவரங்களை வைத்து முதலிலிருந்து எழுதச் சொல்லி எழுத்தாளரிடம் கொடுங்கள். அதிகம் கேட்கப்பட்ட கேள்வி எதுவோ, அதுவே முதல் கட்டுரையாக இருக்கட்டும்.