சிவப்பு லேசர் பச்சையாகுமோ?

கடிதம்:

ஐயா, சுத்துற ஃபான் இறகில சின்னத் தளவாடி ஒட்டி அதுக்குச் சிவப்பு லேசர் அடிச்சா டொப்ளர் விளைவால பச்சையாத் திரும்புமோ? ரியூசன்ல கேட்டன், ஒலிக்குப் படிச்சாக் காணும் மினக்கெடாதேங்கோ எண்டிட்டினம். எஞ்சினியரிங்கோ சயன்ஸோ எண்டும் குழப்பமாக் கிடக்கு. படம் கீறி அனுப்பியிருக்கிறன்.
ஏ.எல் மாணவி, கோப்பாய்

பதில்:

பிள்ளை, உம்மட படம் பாத்து நல்ல சந்தோசம். எஞ்சினியரிங் கதை கிடக்கட்டும், சோதினை முடியப் பாப்பம்.

பச்சை வராது. டொப்ளர் எண்டது கிட்ட வந்தா அலையின்ர மீடிறன், அதாவது செக்கனுக்கு எத்தனை அதிர்வு எண்டது, கூடும், விலகினா குறையும் எண்டதுதான். தளவாடி செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்தில ஒளிக்கு எதிரா வந்தா மீடிறன் 3 கோடி ஹேர்ட்ஸ் அளவில கூடும், ஆனா சிவப்பின்ர மீடிறனே ஏறத்தாழ 4.6 கோடி கோடி, கண்ணுக்கு ஒண்டும் தெரியாது. பச்சையாக்க செக்கனுக்கு 30,000 கிலோமீற்றர் அளவு வேகம் வேணும். அதுக்காக மாற்றமே இல்லையெண்டு ஆரும் சொன்னா நம்பாதேயும். ரோட்டில வேகம் பிடிக்கிற ரேடார் இதைத்தான் செய்யுது, 24 கிகாஹேர்ட்ஸ் அலை மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில வாற வாகனத்தில பட்டுத் திரும்ப, போனதையும் வந்ததையும் கலந்தா வித்தியாசம் 4,450 ஹேர்ட்ஸ் வரும், ஸ்பீக்கரில போட்டா காதாலயே கேக்கலாம்.

மினக்கெடாதேங்கோ எண்டதுதான் எனக்குக் கோவம். நாங்கள் படிக்கேக்க யாழ்ப்பாணத்துக்கு ரெயினே இல்லை, 1990இல நிண்டது 2014இலதான் திரும்பி வந்தது, தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் சண்டைக்காலப் பங்கருக்குப் போட்டுது, ஆனா சேர் போர்ட்டில ரெயினைக் கீறி அது ஊதிக்கொண்டு வருது எண்டுதான் படிப்பிச்சவர். குண்டு போடுற பொம்மர் விமானம் பதிஞ்சு எழும்பேக்க சத்தம் மாறுறதை வைச்சே வருதோ போகுதோ எண்டு சொல்லுற பிள்ளையள் முன் வாங்கில இருந்தவை, அவையிட்ட ஒரு வார்த்தை கேக்கேல்ல. சூத்திரத்தில கூட்டலோ கழித்தலோ எண்டதோட டொப்ளர் முடிஞ்சுது.

ஆனா உம்மையும் ஏசவேணும். மீடிறன் கூடினா ஒளியின்ர சக்தியும் கூடுது, அது எங்கயிருந்து வந்தது எண்டு நீர் கேக்கவேயில்லை, இதைக் கேக்காம டொப்ளர் படிக்கிறதில ஒரு பிரயோசனமும் இல்லை. ஒளி பட்டுத் திரும்பேக்க தளவாடியைத் தள்ளும். அந்தத் தள்ளலை எதிர்த்து ஃபான் மோட்டர் செய்யிற வேலைதான் ஒளிக்குப் போகுது. தளவாடி விலகிப் போனா ஒளி இழக்கும், மீடிறன் குறையும். 2009இல ஸ்டான்போர்டில, 3 சென்ரிமீற்றருக்கு ஒருக்காத் திரும்பத் திரும்ப வாற காந்த வரிசைக்குள்ளால கிட்டத்தட்ட ஒளிவேகத்தில இலத்திரனை விட்டு 1.5 அங்ஸ்ட்ரம் அலைநீள எக்ஸ்-கதிர் லேசர் எடுத்தவை (ஒரு அங்ஸ்ட்ரம் எண்டா மில்லிமீற்றரில ஒரு கோடியில ஒரு பங்கு), அந்த 3 சென்ரிமீற்றர் நீளம் 20 கோடி மடங்கு சுருங்கிப்போச்சு, அங்கயும் சக்தியை இழந்தது இலத்திரன்தான்.

ஒரு போட்டோன், அதாவது ஒரு ஒளித்துணிக்கை, உம்மட தளவாடியில பட்டுத் திரும்பேக்க உந்தம் எவ்வளவு மாறுது எண்டு எடுத்து, அதைத் தளவாடியின்ர வேகத்தால பெருக்கும். அந்த 3 கோடி ஹேர்ட்ஸுக்கான சக்தி வருதோ எண்டு பாத்து எனக்கு எழுதும், இடையில ஒரு வரியும் விடாம.